ஊஞ்சம்பாளையத்தில் சொல் புரண்டது

புரட்டாசி பிறந்து, ஊர் உலகமெல்லாம் விரதம் பிடித்து, முட்டை விலை சரிந்து, கோழிப்பண்ணைக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்த நாட்களில், நாமக்கல்லுக்குத் தெற்கே ஊஞ்சம்பாளையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது, ஊரில் பாதிப்பேர் பேசிய சொற்கள் மீதிப்பேர் காதுக்கு வாலிலிருந்து வரத் தொடங்கின. இடி இடிக்கவில்லை, காற்று வீசவில்லை, நாய்கூட ஊளையிடவில்லை. கோழிகள் வழக்கம்போல முட்டையிட்டன, பால்காரர் வழக்கம்போல மணியடித்துக்கொண்டு வந்தார். சொல் மட்டும் புரண்டிருந்தது.

இந்திராணிக்கு அது அடுப்படியில் தெரிந்தது. அவள் ஊருக்கு வெளியே இருந்த பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் நடத்துகிறவள். அவள் புருஷன் சென்னியப்பன் பாலக்காட்டுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவன். காலையில் லாரி எடுக்கக் கிளம்பியவன் அடுப்படி வாசலில் நின்று, "விசா கங்எ?" என்றான். வெளிநாட்டு வேலைக்கு ஆசைப்பட்டுவிட்டானோ என்று அவள் சிரித்தாள். அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி மறுபடியும் அதையே கேட்டான். சாவி எங்க என்று கேட்கிறான் என்பது புரிந்ததும் சிரிப்பு நின்றது. என்ன பேச்சுங்க இது என்று அவள் கேட்டாள், அதைக் கேட்டு அவன் முகம் வெளிறி, கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டான். அந்தச் சத்தத்தில் எழுந்து வந்த ஐந்து வயது மகள் நிறைமதி, தூக்கக் கலக்கத்தோடு அவள் காலைக் கட்டிக்கொண்டு, "மாம்அ" என்றாள்.

பிள்ளையின் குரல்தான், பிள்ளையின் சூடுதான், ஆனால் அந்தச் சொல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வேறெதுவோ ஏறி வந்து பிள்ளையின் வாயால் கூப்பிடுவதுபோல இருந்தது. இந்திராணி குனிந்து பிள்ளையைத் தூக்கினாள், கண்ணு கண்ணு என்று கொஞ்சினாள், அவள் கொஞ்சக் கொஞ்சப் பிள்ளை அவள் வாயையே பார்த்து மிரண்டு, அப்பனிடம் தாவியது. அப்பன் சொன்னது பிள்ளைக்குப் புரிந்தது. பிள்ளை சொன்னது அப்பனுக்குப் புரிந்தது. ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த மூன்று பேரில் அவள் மட்டும் அந்தப் பக்கம் நின்றாள்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க இதே கதை என்று தெரிந்துவிட்டது. தெரு பார்த்தோ சாதி பார்த்தோ வயது பார்த்தோ அது இறங்கவில்லை. அண்ணனுக்கு ஒருவிதம், தம்பிக்கு ஒருவிதம், இரட்டைப் பிள்ளைகளில் மூத்ததற்கு ஒருவிதம், இளையதற்கு ஒருவிதம் என்று, பயறு தெளித்ததுபோலத் தெளித்துவிட்டுப் போயிருந்தது. கொஞ்சநாள் ஜனங்கள் சமாளிக்கத்தான் பார்த்தார்கள். ரேஷன் கடையில் கைகாட்டி வாங்கினார்கள், பஸ்ஸில் விரல் மடக்கி டிக்கெட் கேட்டார்கள், மாரியம்மன் கோயிலில் பூசாரி சொன்ன போற்றி பாதிப்பேருக்குச் சாபம்போலக் கேட்டதால் அவர் மணியை மட்டும் ஆட்டினார். எழுதிக் காட்டினாலும் எழுத்து வாலிலிருந்தே தொடங்கியது. வெளியூர் போய்ப் பேசிப் பார்த்த தம்பதிகள் நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்கள். தாசில்தார் ஒரு டாக்டரோடு ஜீப்பில் வந்து இரண்டு தரப்பையும் விசாரித்தார். அவர் காதுக்கு எல்லார் பேச்சும் நேராகவே கேட்டது. நல்லாத்தானே பேசறீங்க, அப்புறம் என்ன என்று கடிந்துகொண்டு போய்விட்டார். அவர் விட்டுப்போன நர்ஸம்மாவை வைத்து இருதரப்பும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள், ஆனால் ஒரு ராத்திரி ஊரில் தங்கி எழுந்ததும் அந்தம்மாவும் ஒரு பக்கத்து ஆளாகிவிட்டார்.

எது நேர், எது தலைகீழ் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவரவர் காதுக்கு அவரவர் நேர். பயம் அங்கேதான் வேர் விட்டது.

அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது ஊர் இந்திராணியின் பக்கம் திரும்பியது. சொல் புரள்வதற்கு முந்தின நாள்தான் அவள் வகுப்பில் ஒரு பாடம் நடத்தியிருந்தாள். கணினி பெரிய எண்ணை ஒரே அறையில் வைக்காது, பைட் பைட்டாகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைக்கும்; சில கணினிகள் பெரிய முனையை முதலில் வைக்கும், சில சிறிய முனையை முதலில் வைக்கும்; இரண்டும் சரிதான், ஆனால் ஒன்று அனுப்பியதை மற்றது கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் படித்தால் எண் வாலிலிருந்து வந்துவிடும் என்று சொல்லியிருந்தாள். இந்த வழக்கத்துக்கு எண்டியன் என்று பெயர் வந்த கதையையும் சொல்லியிருந்தாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு இங்கிலீஷ் நையாண்டிக் கதையில், வேகவைத்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்று இரண்டு கூட்டம் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகும். பைட் வரிசைக்காக இன்ஜினியர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்துச் சலித்த ஒரு இன்ஜினியர் அந்தக் கதையிலிருந்து பெயரை எடுத்து இதற்கு வைத்துவிட்டார். முட்டை ஊர்ப் பிள்ளைகள் அல்லவா, விழுந்து விழுந்து சிரித்தார்கள், வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். வீடுகளிலும் சிரித்தார்கள். மறுநாள் விடிந்தபோது சொல் புரண்டிருந்தது.

அந்த வாரக் கடைசிக்குள் ஊரில் ஒரு பாதி பெருமுனை ஆகிவிட்டது, மறுபாதி சிறுமுனை ஆகிவிட்டது. யார் முதலில் அப்படிச் சொன்னது என்று தெரியவில்லை, சொன்னதும் ஒட்டிக்கொண்டது. பெயர் வந்த பிறகு வழக்கம் வராமல் இருக்குமா? அதுவரை முட்டையை எங்கே தட்டுகிறோம் என்று பார்த்தேயிராதவர்கள், எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த முனையில்தான் தட்டுவோம் என்று பேசினார்கள். அட்டையில் அடுக்கும்போது பெரிய முனைதானே மேலே இருக்கிறது, அதுதான் தலை என்றது பெருமுனை. கீழே நின்று தாங்குவது சிறிய முனைதானே, அதுதான் ஆதாரம் என்றது சிறுமுனை. பஸ் ஸ்டாப்பில் ஆம்லெட் போடுகிறவர், எதற்கு வம்பு என்று முட்டையை இடுப்பில் தட்டி உடைத்தார். அவரை இரண்டு பக்கத்தாரும் அடித்தார்கள்.

வீடுகள் பிரிந்தன. ரோட்டுக்கு வடக்கே பெருமுனையும் தெற்கே சிறுமுனையும் குடிமாறி, நடுரோட்டில் யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பள்ளிக்கூடம் தெற்கே மாட்டிக்கொண்டதால் வடக்குப் பிள்ளைகளுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாடம் நடந்தது.

இந்திராணிக்கு இதை அவிழ்க்கும் வழி தெரியாமல் இல்லை. முதல் நாளே அவள் யோசித்து, ஒரு சொல்லை மனசுக்குள் நிறுத்தி, எழுத்தெழுத்தாகப் புரட்டி, வாலை முதலில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். நிறைமதி அதைக் கேட்டு முகம் மலர்ந்தாள். அம்மா பேச்சு வந்துவிட்டது என்று கை தட்டினாள். அந்தக் கைதட்டல்தான் வினையானது. சென்னியப்பனின் தாயார் கதவோரம் நின்று பார்த்துவிட்டார். நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் புரட்டத் தெரிந்தவள், புரட்டிவிட்டவளாகத்தானே இருக்கவேண்டும் என்று வடக்குத் தெரு முழுக்கப் பரவியது. தெற்குத் தெருவோ வேறு காரணத்துக்காக அவளை வெறுத்தது: நாம் எதற்குப் புரட்ட வேண்டும், புரட்டினால் நம் வாய்தான் கோணல் என்று ஒப்புக்கொண்டதாகாதா? இரண்டு பக்கமும் ஒரே கட்டுப்பாடு போட்டார்கள். சொல்லைப் புரட்டிப் பேசுகிறவர் எந்த முனையானாலும் ஊரில் இருக்கக் கூடாது.

சென்னியப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே தாயார் வீட்டுக்குப் போனான். அவன் கெட்டவன் இல்லை. போகும்போது வாசலில் நெடுநேரம் நின்று என்னென்னவோ சொன்னான், கண் கலங்கச் சொன்னான். அவள் காதுக்கு அத்தனையும் சரளைக்கல் கொட்டியதுபோலத்தான் விழுந்தது. தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் புரட்டிப் பதில் சொல்ல அவளுக்கும் துணிவு வரவில்லை.

அதன் பிறகு அவள் தனி வீட்டில் பயத்தோடு குடித்தனம் நடத்தினாள். பொழுது சாய்ந்ததும் ஓட்டின்மேல் கல் விழும். வகுப்பில் வடக்குப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள், தெற்குப் பிள்ளைகள் அவள் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத அஞ்சினார்கள். ஒருநாள் பஞ்சாயத்துத் தலைவர் ராக்கியண்ணன் வீடு தேடி வந்தார். தெற்குக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் திண்ணென்ற குரல் போய்க் கம்மிப் பேசினார்.

"அம்மிணி, நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா சனம் நம்போணுமல்ல. சொன்ன கதையத் திருப்பிச் சொல்லீட்டீங்கன்னா தேவலை."

"திருப்பின்னா எப்படிங்க?"

"கடைசீல இருந்து ஆரம்பத்துக்குங்க. கோயல்ல வெச்சு."

அவள் சொன்னாள். மாரியம்மன் கோயில் முன்னால், ஈரப்புடவையோடு, வடக்கு ஒரு பக்கமும் தெற்கு ஒரு பக்கமும் நிற்க, இன்ஜினியர் பெயர் வைத்ததில் தொடங்கி, சண்டையில் செத்தவர்கள் எழுந்து வீடு போனதைச் சொல்லி, உடைந்த முட்டை ஒட்டிக்கொண்டு கோழிக்குள் போனதைச் சொல்லி, கதை பிறக்காத காலத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். வடக்கே நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திராது. கூட்டத்தில் சென்னியப்பன் தோளில் நிறைமதி இருந்தாள். அம்மாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டேயிருந்த பிள்ளை பாதியில் முகத்தை அப்பன் கழுத்தில் புதைத்துக்கொண்டது. எதுவும் மாறவில்லை. ஊர் கலைந்து போனபோது யாரும் அவளைத் திட்டவில்லை, ஏசவில்லை. அந்த மௌனம்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஊர் இனி வேறெதையோ யோசிக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு முற்பகல், அவள் பாலிடெக்னிக் மாடியில் காலி வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தபோது, வடக்கே கோழித்தீவனக் கிடங்கின் பின்பக்கம் புகை எழுவதைக் கண்டாள். மக்காச்சோளமும் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாக அடைந்து கிடக்கும் கிடங்கு. அதன் பின்சுவரும் கல்யாண மண்டபத்தின் பின்சுவரும் ஒன்று. மண்டபத்துக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அந்தப் புகை தெரிய வழியில்லை. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். நிறைமதி இருந்தாள்.

செருப்பை விட்டாள், படியில் உருண்டாள், எழுந்தாள், ஓடினாள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துத் தாண்டியபோது வடக்குத் தெருப் பெண்கள் அலறிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். கதை சொன்னவள் வருகிறாள், பிள்ளைகளின் பேச்சையும் புரட்ட வருகிறாள் என்று தெரு முழுக்கக் கதவு சாத்தும் சத்தம் அவளுக்கு முன்னால் ஓடியது. மண்டபத்து வாசலில் காவலுக்கு நின்ற மாரப்பன் இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டி, தடியை ஓங்கிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருடைய பேரப்பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள்.

நெருப்பு, நெருப்பு என்று அவள் கத்தினாள். கத்தும்போதே அது அவர் காதில் என்னவாக விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது: புப்ருநெ, புப்ருநெ. மந்திரம் ஓதுகிறாள் என்று அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார். புரட்டிச் சொல்லிவிடலாம் என்று சொல்லை மனசுக்குள் நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. பு என்றாள், ரு என்றாள், நடுவில் ஒற்றெழுத்து எங்கே போனது என்று தெரியாமல் நாக்கு சிக்கிக்கொண்டது. ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. அவளைப் பார்த்து அழுதன. அவள் கை நீட்டிப் பின்பக்கம் காட்டினாள், ஏவல் காட்டுகிறாள் என்று அவர் தடியால் கம்பியில் அடித்தார். மூச்சு வாங்கியது, நெஞ்சு அடைத்தது, ஒரு முழுச் சொல்லுக்குக்கூட உள்ளே காற்று மிச்சமில்லை. மிச்சமிருந்த காற்றில் ஒரேயொரு எழுத்துத்தான் வெளியே வந்தது.

"தீ."

மாரப்பன் தடியைத் தாழ்த்தினார்.

வாலும் தலையும் இல்லாத சொல்லை எந்த முனையிலிருந்து கேட்டால்தான் என்ன. பல நாட்களுக்குப் பிறகு தெற்கிலிருந்து ஒரு சொல் வடக்கே ஒரு காதில் நேராக விழுந்தது. அவர் அவளை வெறித்துப் பார்த்தார். அவள் மறுபடி தீ என்றாள், போ என்றாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு வா வா என்றாள். அவர் திரும்பிப் பார்த்த கணத்தில் மண்டபத்துக் கூரைக்கு மேல் கரும்புகை சுருண்டு எழுந்தது.

கேட் திறந்தது. மாரப்பன் அவருடைய பேச்சில் உள்ளே கத்தினார், பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி சங்கிலியாக வெளியே வந்தார்கள், வரவர இந்திராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நிறைமதி இல்லை. உள்ளே ஓடப் பார்த்தவளைப் புகை பிடித்துத் தள்ளியது. முட்டை அட்டை இறக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்த சென்னியப்பன் சமையல்கட்டு வழியாக உள்ளே போயிருந்தான் என்பது, அவன் பிள்ளையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் பின்சுவர் சரிந்தது.

பிள்ளை இருமியது. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. வாயைத் திறந்தது, அந்தக் கிணற்றுக் குரலுக்குப் பயந்து இந்திராணி தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினாள். பிள்ளைக்கும் முழுச் சொல்லுக்கு மூச்சில்லை.

"மா" என்றது.

இந்திராணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, கை நீட்டி, தா என்றாள். சென்னியப்பன் கொடுத்தான்.

வடக்கும் தெற்கும் அன்று குடமும் வாளியுமாகத் தீயோடு மல்லுக்கட்டின. தா, போ, வா, நீ, கை, தீ என்று ரோடு முழுக்க ஒற்றை எழுத்துகள் பறந்தன. தீயணைப்பு வண்டி வந்து மீதியை அணைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது, ராக்கியண்ணனும் மாரப்பனும் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையில் இத்தனை நாளும் இரண்டு தரப்பும் டீ என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தோம், அதை ஏன் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று ராக்கியண்ணன் பிறகு பலரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அடைமழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்தது. அதை யாரும் மறுபடி போடவில்லை. சொல் நேராகவுமில்லை. ஊஞ்சம்பாளையத்தார் ஓரெழுத்தில் வாழப் பழகிக்கொண்டார்கள். பூ விற்றார்கள், பை கேட்டார்கள், மை வைத்துவிட்டார்கள், ஈ ஓட்டினார்கள். மாமா, தாத்தா, பாப்பா, காக்கா என்று எந்த முனையிலிருந்து வந்தாலும் ஒன்றாகவே இருக்கும் சொற்களையும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் இந்த ஊர்க்காரர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்கள். ஒற்றை எழுத்தில் கோபப்படலாம், ஆனால் வசைபாட முடியாது என்பதால் பஞ்சாயத்துக்கு வழக்குகள் குறைந்தன. இந்திராணியைக் கண்டு யாரும் கதவைச் சாத்தவில்லை.

சென்னியப்பன் தீயில் பட்ட கைப்புண் ஆறியதும் மகளோடு வீடு திரும்பினான். வாசலில் தயங்கி நின்றவனிடம் அவள் வா என்றாள், அவன் வந்தான். போன நாளில் வாசலில் நின்று அவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. அதற்கு ஓரெழுத்தில் வழியில்லை.

ஆனாலும் அவளுக்குப் பயம் விடவில்லை. வகுப்பில் அவள் சொல்லாமல் விட்ட பாடம் ஒன்று இருந்தது. ஒரு பைட்டும் முடிந்த முடிவல்ல. அதற்குள்ளும் எட்டுத் துணுக்குகள் இருக்கின்றன, அவற்றுக்கும் எது முன், எது பின் என்ற வரிசை உண்டு. அதேபோல தீ என்பதும் முடிந்த முடிவல்ல. அதற்குள் மெய் முன்னே நிற்கிறது, உயிர் பின்னே நிற்கிறது. மெய்யும் உயிரும் சேர்ந்த அந்த ஓரெழுத்தும் ஒருநாள் விடியும்போது உள்ளுக்குள்ளேயே புரண்டுவிட்டால், உயிர் முன்னே போய் மெய் பின்னே கிடந்தால், அப்புறம் இந்த ஊருக்கு என்ன மிஞ்சும்? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது ஒருமுறை வந்துவிட்டதே.

அதனால் தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அவள் புருஷனைப் பார்த்து ஓரெழுத்து ஒன்றைச் சொல்லிவிட்டு, அவன் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் திரும்புவான், சிரிப்பான், அன்றைய நாள் தொடங்கும். மார்கழியில் ஒரு காலை, பனி இறங்கிக்கொண்டிருக்க, அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் பின்கதவில் நின்று வா என்றாள். அவன் திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தமாக இருக்கலாம். இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் துணிவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவன் தோள் அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.